கறுப்பு வெள்ளையில் ஒரே ஒரு நிறம்: மூன்று வாரமாகச் செய்து பார்த்தது

தொடக்கத்தில் கலை ஆசையெல்லாம் இல்லை. பிழையை மறைக்கத்தான் உட்கார்ந்தேன்.

சித்தப்பா மகள் கல்யாணம், புதுக்கோட்டையில். மேடைக்கு இரண்டு பக்கமும் மெஜந்தா நிற எல்ஈடி விளக்கு வைத்திருந்தார்கள். கான்ட்ராக்ட் போட்டோகிராபர் ஃபிளாஷ் அடித்துச் சமாளித்துவிட்டார். நான் ஓரமாக நின்று 50 எம்எம் லென்ஸில், ஐஎஸ்ஓ 3200 வைத்து எடுத்த நானூற்றுச் சொச்சம் படத்தில் பாதிக்கு மேல் பெண்ணின் ஒரு கன்னம் நாவல்பழம் தின்ற நாக்கு மாதிரி இருந்தது. விளக்கின் நிறச் சாயலைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை எவ்வளவு நகர்த்தினாலும் ஒரு பக்கம் சரியானால் மறுபக்கம் பச்சை அடித்தது. சரி, கறுப்பு வெள்ளையாக்கிவிடலாம் என்று மாற்றினேன். முகம் உடனே அழகாகிவிட்டது. ஆனால் அரக்குப் பட்டு கரி மாதிரி ஆகிவிட்டது.

காரணம் பிறகுதான் புரிந்தது. நிறத்தைச் சாம்பலாக்கும்போது மென்பொருள் மூன்று வண்ணத்துக்கும் சம பங்கு தருவதில்லை. வழக்கமான கணக்கில் பச்சைக்குச் சுமார் 72 சதவீதம், சிவப்புக்கு 21, நீலத்துக்கு வெறும் 7. நம் முகூர்த்தப் புடவை முழுக்கச் சிவப்பு; இருட்டாகாமல் என்ன செய்யும்? ஜிம்ப் என்ற படத்திருத்த மென்பொருளில் மோனோ மிக்சர் என்று ஒன்று இருக்கிறது, அதில் இந்தப் பங்கை நாமே மாற்றலாம். சிவப்பை 0.7-க்கு ஏற்றினேன். புடவை வெளுத்தது, கூடவே பெண்ணின் மாநிறமும் வெளுத்தது. அதில் எனக்கு உடன்பாடு இல்லை. அவள் நிறம் அவள் நிறமாகவே இருக்கட்டும். 0.3-க்கே இறக்கிவிட்டு, புடவையை மட்டும் வண்ணத்திலேயே விட்டால் என்ன என்று யோசித்தேன். இப்படித்தான் இதில் மாட்டிக்கொண்டேன்.

முதல் வாரம் சோம்பேறி வழி. நிறத்தை வைத்துத் தேர்ந்தெடுக்கும் கருவியால் சிவப்பைத் தொட்டால் புடவை மட்டும் வரும் என்று நினைத்தேன். புடவையோடு மாலையில் இருந்த ரோஜா, உதடு, மருதாணி விரல், மாப்பிள்ளையின் காது மடல், பின்னால் இருந்த வெல்வெட் நாற்காலி எல்லாம் வந்தன. நாற்காலிதான் முதலில் கண்ணில் பட்டது, பெண் இல்லை.

ஆகவே கையால் வரைவதே வழி. செய்முறை எளிது: படம் இருக்கும் லேயரை (அடுக்கை) நகலெடுத்து, மேல் லேயரைக் கறுப்பு வெள்ளையாக்கி, அதன் எந்தப் பகுதி தெரிய வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் வெள்ளை மாஸ்க் ஒன்று போட்டு, நிறம் வேண்டிய இடத்தில் கறுப்புத் தூரிகையால் தேய்த்தால் கீழே உள்ள வண்ணம் தெரியும். தவறினால் வெள்ளையால் மூடிக்கொள்ளலாம். 200 சதவீதம் பெரிதாக்கி மடிப்பு மடிப்பாகப் போனேன். ஜேபெக் கோப்பில் புடவை விளிம்பைத் தாண்டிச் சிவப்பு கசிந்து தெரிந்தது. அந்த வகைக் கோப்பில் நிறத் தகவலைச் சுருக்கிச் சேமிப்பதால் வரும் வினை. கேமரா பதிவுசெய்த மூலக் கோப்பான ரா கோப்பிலிருந்து மறுபடி தொடங்கினேன். ஒரு படத்துக்கு மூன்று மணி நேரம்.

முடித்துவிட்டுப் பார்க்கிறேன், முகம் லேசாகப் பச்சை. சோகை பிடித்த மாதிரி. நிறத்தைச் சோதித்தால் சிவப்பு, பச்சை, நீலம் மூன்று எண்ணும் ஒன்றே, சுத்தச் சாம்பல். பச்சை என் கண்ணில்தான் இருந்தது. பளிச்சென்ற சிவப்புக்குப் பக்கத்தில் வைத்த சாம்பல் அப்படித்தான் தெரியுமாம். பாரிஸில் திரைச்சீலை நெய்யும் கோபலான் ஆலையின் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த ஷெவ்ரூல் என்ற வேதியியலாளர், பக்கத்துப் பக்கத்து நிறங்கள் ஒன்றையொன்று மாற்றிக் காட்டுவதை 1839-லேயே விளக்கி எழுதியிருக்கிறார். நெசவு செய்யும் இடத்திலிருந்து இந்த விளக்கம் வந்தது என்பது எனக்குப் பிடித்திருந்தது. புடவையின் நிறச் செறிவை 30 சதவீதம் குறைத்து, சாம்பலில் துளி பழுப்பு சேர்த்ததும் சோகை போய்விட்டது.

அடுத்த தொல்லை வெள்ளிச் சொம்பு. பெண்ணின் கைக்கு அருகே இருந்தது. புடவை சிவப்பு, சொம்பில் தெரிகிற புடவையோ சாம்பல்! ஒரு முறை கண்ணில் பட்டுவிட்டால் அப்புறம் அதைத் தவிர வேறெதுவும் தெரியாது. சொம்பின் வயிற்றில் வளைந்து கிடந்த அந்தச் சிவப்புக் கீற்றையும் 40 சதவீத அடர்த்தித் தூரிகையால் கொஞ்சமாகத் திறந்துவிட்டேன்.

இரண்டாவது வாரம் கொஞ்சம் தைரியம் வந்து, ஆசை மிஞ்சிப்போய் ஒரு காரியம் செய்தேன். பெண் தலை குனிந்திருக்கும் குளோசப். எல்லாம் கறுப்பு வெள்ளை, நெற்றிக் குங்குமம் மட்டும் சிவப்பு. நான் செய்ததிலேயே சுத்தமான மாஸ்க் அதுதான். பெருமையாக அப்பத்தாவிடம் போனை நீட்டினேன்.

அப்பத்தா கண்ணாடியை ஏற்றிப் பார்த்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தது.

"என்னய்யா இது, உசுரோட இருக்குற புள்ளைக்கு இப்படியா படம் போடுவ?"

நான் புரியாமல் விழித்தேன். அப்பத்தா கையை மட்டும் சுவர்ப் பக்கம் காட்டியது. மாலை போட்ட தாத்தா படம். கறுப்பு வெள்ளை, கண்ணாடியின் மேல் சந்தனமும் குங்குமமும் வைத்த பொட்டு. அதற்கு மேல் எனக்கு எதுவும் சொல்லத் தேவைப்படவில்லை. இணையத்தில் நான் பார்த்த மாதிரிப் படங்களிலெல்லாம் வெள்ளைக் கவுனும் கையில் சிவப்புப் பூங்கொத்தும்தான். அங்கே அது வெறும் அழகு. நம் வீட்டுச் சுவரில் கறுப்பு வெள்ளை முகத்துக்கும் ஒற்றைச் சிவப்புப் பொட்டுக்கும் ஏற்கெனவே ஓர் அர்த்தம் உண்டு. படத்தை அங்கேயே அழித்தேன்.

சமாதானமாகி, அப்பத்தா பீரோவிலிருந்து தன் கல்யாணப் படத்தை எடுத்துக் காட்டியது. ஸ்டூடியோவில் எடுத்த கறுப்பு வெள்ளை, மேலே கையால் சாயம் பூசியது. புடவைக் கரை, உதடு, கன்னம், நகை எல்லாவற்றிலும் நிறம்.

"அப்பவே நகைக்கெல்லாம் மஞ்சள் பூசித் தந்தாக. நீ கறுப்பாக்குனதுல அவ போட்டிருக்க அட்டிகை ஈயம் மாதிரில்ல இருக்கு" என்றது. பூசிய கை கொஞ்சம் நடுங்கியிருக்கிறது. ஒரு வளையலின் மஞ்சள் மணிக்கட்டிலும் ஏறியிருந்தது. ஆனாலும் எதற்கு நிறம் தர வேண்டும் என்பது அந்த மனிதருக்குத் தெரிந்திருந்தது.

மூன்றாவது வாரம் தாலி கட்டும் படம். மாப்பிள்ளை கை, பின்னால் முடிச்சுப் போடக் குனிந்த நாத்தனார், மேலிருந்து விழுகிற அட்சதை. மஞ்சள் கயிற்றை மட்டும் வண்ணத்தில் விட்டேன். அளவாக, அழகாக வந்தது. சொம்பு, நாற்காலி தொந்தரவு ஏதும் இல்லை. இரவு மறுபடி பார்த்தபோதுதான் வயிற்றைப் பிசைந்தது. அட்சதை வெள்ளை அரிசியாக விழுந்துகொண்டிருந்தது. மஞ்சள் இல்லாத அரிசி எந்த வீட்டில், எப்போது கைக்கு வரும் என்பதை அப்பத்தா சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை.

எனவே ஒவ்வொரு மணியாக. கீழே கிடப்பவை சுலபம், கூர்மையாக இருந்தன. காற்றில் இருப்பவை கோடாக இழுபட்டிருந்தன. அவற்றின் ஓரத்தில் பின்னணியும் மஞ்சளும் கலந்திருந்ததால் மெல்லிய தூரிகையால் ஒரே இழுப்பில் தொட வேண்டும், இரண்டு தடவை தொட்டால் தீக்குச்சி மாதிரி ஆகிவிடுகிறது. 47 வரை எண்ணினேன். பிறகு எண்ணவில்லை. இரண்டு இரவு போயிற்று. அட்டிகைக்கும் கொஞ்சம் மஞ்சள் விட்டேன், அப்பத்தாவுக்காக.

12-க்கு 18 அங்குல அளவில் பிரிண்ட் போட்டு வாங்கி ஹாலில் வைத்துப் பார்த்தேன். மாப்பிள்ளையின் காதோரம் முடியில் ஒரு மணி சாம்பலாகவே தங்கிவிட்டிருந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை தங்கச்சி வீட்டுக்குப் படம் போகிறது. மஞ்சள் ஸ்கெட்ச் பேனா ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன்.