இரும்புக்கை மாயாவியைத் திரைக்குக் கொண்டுவாருங்கள்

ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டுடியோவின் வளைவைத் தாண்டும்போதெல்லாம் ஒரு ஆசை வரும். 1956இல் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' என்று தமிழின் முதல் முழுநீள வண்ணப்படத்தைத் தந்த ஊர் சேலம். இங்கிருந்து யாராவது காமிக்ஸ் நாயகன் இரும்புக்கை மாயாவியைத் திரையில் எடுக்க வேண்டும்.

1962இல் பிரிட்டனின் 'வேலியன்ட்' இதழில் பிறந்தவர். தமிழில் 1972இல் முத்து காமிக்ஸின் முதல் இதழே அவர்தான். நம் அப்பா, மாமாக்களுக்கெல்லாம் அவர் அத்துப்படி.

எடுப்பவர்கள் ஒன்றை மட்டும் மாற்றிவிடக் கூடாது. மாயாவி முதலில் நல்லவர் இல்லை! ஆய்வக உதவியாளர் லூயிஸ் கிராண்டேல் வலது கையை இழந்து இரும்புக்கை பொருத்திக்கொள்கிறார். மின்சாரம் பாய்ந்தால் உடல் மறையும், கை மட்டும் அந்தரத்தில் தெரியும். சக்தி வந்ததும் குற்றத்தில்தான் இறங்குகிறார். உளவாளி ஆனதெல்லாம் பிறகு. அந்த மாற்றம்தான் கதையே. முதல் காட்சியிலேயே அவரைப் புனிதராக்கினால் மிஞ்சுவது கிராபிக்ஸ் மட்டும்தான்.

இன்னொரு பழைய நாயகனைப் பாருங்கள். 1966இல் அமெரிக்காவின் சார்ல்டன் காமிக்ஸில் வந்த பீஸ்மேக்கரை இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்? அவனை வைத்து 2022இல் வந்த தொடர், அவனுக்கும் அப்பாவுக்கும் இடையிலான காயத்தைப் பிடித்துக்கொண்டது. மனதில் நின்றது.

கதையை நம் பக்கம் மாற்றினாலும் எனக்குச் சம்மதமே. இரும்புத்தாது உள்ள கஞ்சமலை இருக்கிறது, மேட்டூர் மின்நிலையம் இருக்கிறது. மறைவதற்கு மின்சாரம் தேடி அலைபவன் இந்த ஊரில் எங்கெல்லாம் ஓடுவான் என்று யோசித்தாலே நாலு எபிசோடு தேறும். அப்புறம், சினிமா வேண்டாம், தொடராகவே எடுங்கள். வாராவாரம் சில பக்கங்களாக வந்த கதை அது.