பாதை திறந்திருக்குமா என்று தெரியாத ஊர்கள்

கீழக்கரையில் பாலஸ்தீனத்தைப் பற்றிப் பேச்சு எழாத வாரம் இல்லை. ஜும்ஆ தொழுகை முடிந்து பள்ளிவாசல் வாசலில் நிற்பவர்களும், வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வந்து திண்ணையில் கூடுபவர்களும் காசாவின் குண்டுவீச்சைத்தான் முதலில் பேசுகிறார்கள். அது அப்படித்தான் இருக்கவும் வேண்டும். ஆனால், குண்டு விழாத நாளிலும், இஸ்ரேல் ராணுவத்தின் ஆக்கிரமிப்பிலுள்ள பாலஸ்தீனப் பகுதியான மேற்குக் கரையில் ஒரு மக்களின் அன்றாடத்தை எப்படி முடக்கி வைக்கிறார்கள் என்பதை நாம் போதிய அளவு பேசுவதில்லை. அங்கே அதற்கான கருவி சாலை.

இஸ்ரேலும் பாலஸ்தீன விடுதலை இயக்கமும் 1995ஆம் ஆண்டில் செய்துகொண்ட இரண்டாம் ஓஸ்லோ ஒப்பந்தம் மேற்குக் கரையை ஏ, பி, சி என மூன்று வகைப் பகுதிகளாகப் பிரித்தது. அவற்றுள் சுமார் 60 விழுக்காடு நிலப்பரப்பைக் கொண்ட ‘சி’ பகுதி முழுமையாக இஸ்ரேலின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. பாலஸ்தீன நகரங்களோ ஒன்றோடொன்று ஒட்டாத துண்டுகளாக அதன் நடுவே கிடப்பதால், ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்குப் போகிறவர் ராணுவம் நினைத்த நேரத்தில் மூடிவிடக்கூடிய சாலையில்தான் போயாக வேண்டும். ஐ.நா.வின் மனிதாபிமான ஒருங்கிணைப்பு அலுவலகம் 2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அங்கே 645 தடைகளைக் கணக்கிட்டது. 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அந்த எண் 849 ஆகியிருந்தது. படைவீரர்கள் நிற்கும் சாவடிகள் மட்டுமல்ல, மண்மேடுகள், கான்கிரீட் கட்டைகள், ஊர் வாசலிலேயே நாட்டப்பட்ட இரும்புக் கதவுகள் எல்லாம் இந்தக் கணக்கில் அடங்கும்.

பெத்லகேமிலிருந்து ரமல்லாவுக்கு நேர்வழி எருசலேம் வழியாகச் செல்கிறது. அனுமதிச் சீட்டு இல்லாத மேற்குக் கரைவாசி அந்த நகரத்துக்குள் நுழைய முடியாது என்பதால், கிழக்கே வளைந்து செங்குத்தான மலைச்சாலையில் இறங்கி ஏறி, ‘கன்டெய்னர்’ என்று எல்லோரும் அழைக்கும் சாவடியைக் கடக்க வேண்டும். அந்த ஒரு சாவடி மூடப்பட்டால், பெத்லகேம், ஹெப்ரான் உள்ளிட்ட தெற்குப் பகுதி வடக்கிலிருந்து ஏறத்தாழ அறுந்துபோகிறது. ஆகவே வீட்டை விட்டுக் கிளம்புமுன் டெலிகிராம் குழுக்களில் விசாரிப்பது அங்கே வழக்கமாகிவிட்டது: கலந்தியாவில் வரிசை எவ்வளவு, ஹுவாரா திறந்திருக்கிறதா, எந்தக் கிராமத்துக் கதவு பூட்டியிருக்கிறது? காலையில் கிடைத்த பதில் மாலைக்குச் செல்லாது. தேர்வுக்குப் போகும் மாணவரும் கூலி வேலைக்குப் போகிறவரும் தூரத்தைக் கணக்கிட்டுக் கிளம்ப முடிவதில்லை.

மண்டபம் முகாமில் நெடுங்காலமாக வாழும் ஈழத்து அக்கா ஒருவரிடம் இதைச் சொன்னபோது, அவருக்கு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. போர்க்காலத்தில் இலங்கையின் ஓமந்தைச் சாவடியில் பொதிகளை அவிழ்த்துக் காட்டிக் காட்டிக் கடந்தவர் அவர். 2006 ஆகஸ்டில் முகமாலைச் சாவடி மூடப்பட்டு யாழ்ப்பாணம் தரைவழியாகத் துண்டிக்கப்பட்டபோது உறவினர்களை மறுகரையில் விட்டவர். “காத்து நிக்கிறது பெரிசில்லைத் தங்கச்சி, திறப்பாங்களோ பூட்டுவாங்களோ எண்டு தெரியாமல் வெளிக்கிடுறதுதான்” என்றார். மேற்குக் கரையைப் பற்றி நான் படித்த பல அறிக்கைகள் சொல்ல முயன்றதும் இதுவே.

நோயாளிகளின் நிலை இதைவிடக் கொடியது. மேற்குக் கரை ஆம்புலன்சுகள் பெரும்பாலும் எருசலேமுக்குள் அனுமதிக்கப்படுவதில்லை. சாவடியில் நோயாளியை இறக்கி, எருசலேமிலிருந்து வந்து காத்திருக்கும் வேறொரு ஆம்புலன்சுக்கு மாற்றுகிறார்கள். 2000இல் வெடித்த பாலஸ்தீன மக்கள் எழுச்சியான இரண்டாம் இன்திஃபாதா காலத்தில் சாவடிகளிலேயே பிரசவித்த பெண்களைப் பற்றி ஐ.நா. அறிக்கைகள் பதிவு செய்திருக்கின்றன. அவ்வாறு பிறந்த குழந்தைகளில் பலர் பிழைக்கவில்லை. வணிகச் சரக்குக்கும் இதே முறைதான். எல்லைச் சாவடியில் ஒரு லாரியிலிருந்து எல்லாவற்றையும் இறக்கிச் சோதித்து, மறுபுறம் நிற்கும் லாரியில் ஏற்ற வேண்டும். தொண்டியிலிருந்தோ மண்டபத்திலிருந்தோ ஐஸ் பெட்டியில் புறப்படும் நண்டை வெயிலில் இறக்கி வைத்து மீண்டும் ஏற்றச் சொன்னால் அதன் விலை என்னவாகும் என்பது நம் கரையில் யாருக்கும் தெரியும்.

இஸ்ரேல் இதற்குப் பாதுகாப்பைக் காரணமாகச் சொல்கிறது. இரண்டாம் இன்திஃபாதாவில் தற்கொலைத் தாக்குதல்களில் இஸ்ரேலியப் பொதுமக்கள் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டது உண்மை. அந்த உயிர்களை நான் சிறிதாக எண்ணவில்லை. ஆயினும் ஒரு பாலஸ்தீனக் கிராமத்துக்கும் அதன் பக்கத்துப் பாலஸ்தீன நகரத்துக்கும் நடுவே நிற்கும் கதவு டெல் அவிவ் மக்களை எப்படிக் காக்கிறது என்ற கேள்விக்கு எனக்கு ஏற்கத்தக்க பதில் கிடைத்ததில்லை. 2002இல் கட்டத் தொடங்கிய பிரிப்புச் சுவரின் பாதையில் சுமார் 85 விழுக்காடு எல்லைக் கோட்டில் அமையாமல் மேற்குக் கரைக்குள்ளேயே செல்கிறது. அவ்வாறு கட்டுவது சர்வதேசச் சட்டத்துக்கு முரணானது என்று சர்வதேச நீதிமன்றம் 2004 ஜூலை 9 அன்று கருத்துரைத்தது. சுவர் இன்றும் நிற்கிறது.

அந்தச் சுவருக்கு அப்பால் தோட்டம் சிக்கிக்கொண்ட விவசாயி, தன் சொந்த ஒலிவ மரத்திடம் போக அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். 2023 அக்டோபர் போருக்கு முன்பே, வேளாண் கதவுகளில் பெரும்பாலானவை அக்டோபர், நவம்பர் அறுவடைக் காலத்தில் மட்டும் திறக்கப்பட்டன. அதுவும் நாளில் குறிப்பிட்ட நேரம் மட்டுமே. கிளை கழிப்பதும் உழுவதும் களை எடுப்பதும் மற்ற மாதங்களில் செய்ய வேண்டிய வேலைகள். சீட்டு நிலத்துக்கு உரியவருக்குக் கிடைத்து, கூட உழைக்கும் மகனுக்கு மறுக்கப்படுவதும் உண்டு. கவனிப்பாரற்ற மரங்களின் காய்ப்பு ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே போகிறது.