பட்டிவீரன்பட்டித் தோப்பில் டிகாஷன்

மதுரையிலிருந்து சைக்கிளில் மேற்கே கிளம்புகிறவர்களிடம் நான் சொல்வது சோழவந்தான், நிலக்கோட்டை, வத்தலக்குண்டு வழியைத்தான். வெற்றிலைக் கொடிக்கால், தென்னை, நெல் வயல் என்று கண்ணுக்குக் குளிர்ச்சியாகப் போகும். வத்தலக்குண்டு தாண்டினால் பட்டிவீரன்பட்டி. தாண்டிக்குடிப் பக்கத்து மலைகளில் விளையும் அராபிகா காபிக்குப் பேர்போன ஊர். அந்த அடிவாரத்தில் உட்கார்ந்து இன்ஸ்டன்ட் பாக்கெட்டைக் கிழிக்க எனக்கு மனசு வராது.

அதனால் என் பையில் எப்போதும் ஒரு சின்ன எவர்சில்வர் ஃபில்டர் இருக்கும். காகிதம் வேண்டாம், கரண்ட் வேண்டாம், விழுந்தாலும் உடையாது. தூள் பொட்டலத்தை அதற்குள்ளேயே திணித்துக்கொள்ளலாம். சைக்கிளில் போகிறவனுக்கு இதைவிடத் தோதான காபிச் சாமான் கிடையாது. டிகாஷன் இறங்க நேரமாகுமே என்பார்கள். எனக்குப் பிடித்ததே அந்த நேரம்தான்.

ராத்திரி தோப்பில் கூடாரம் போட்டுத் தங்கினால், விடிகாலையில் எழுந்ததும் முதல் வேலை கேஸ் அடுப்பில் தண்ணீர் வைப்பது. தோப்பில் காற்று அடித்தால் கிணற்றுச் சுவரை ஒட்டி அடுப்பை வைப்பேன். சுற்றிலும் தகரத்தால் அடைத்துவிடக் கூடாது, சிலிண்டர் சூடேறிவிடும். ஃபில்டரின் மேல் பாத்திரத்தில் தூளைப் போட்டு, காம்பு வைத்த ஓட்டைத் தட்டால் லேசாக ஒரு அமுக்கு. அழுத்தி அமுக்கினால் சொட்டே விழாது, சும்மா விட்டால் தண்ணீர் கடகடவென்று ஓடிவிடும். சிக்கரி கலந்த தூள் என்றால் கையை இன்னும் இலேசாக வைக்க வேண்டும். சிக்கரி தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். தளதளவென்று கொதிக்கிற தண்ணீரை வட்டமாக ஊற்றி மூடிவிட்டு, கூடாரத்தைப் பிரிக்கப் போய்விடலாம். பனியில் நனைந்த துணியை உதறி மடித்து, பைகளை கேரியரில் கட்டி, டயரில் காற்றுப் பார்த்து முடிக்கவும் டிகாஷன் இறங்கவும் சரியாக இருக்கும்.

பால்தான் கவலை. வெயிலில் பாக்கெட் பால் தாங்காது, பவுடர் பால் எனக்கு ஒத்துவராது. பட்டிவீரன்பட்டித் தோப்பில் தங்கிய அன்றைக்குத் தோப்புக்காரப் பெரியவரே சொம்போடு வந்தார். "தம்பி, இப்பத்தான் கறந்தது, காச்சிக்குங்க."

"ஐயா, உங்களுக்கும் சேர்த்தே போடுறேன், உக்காருங்க."

பாலை ஒருமுறை பொங்கவிட்டு இறக்கி, அதில் டிகாஷனை ஊற்றினேன். டிகாஷனை மட்டும் அடுப்பில் ஏற்றவே கூடாது, மணம் போய்க் கசப்புதான் மிஞ்சும். பெரியவர் ஒரு வாய் குடித்துவிட்டு, "தூள் எங்க வாங்குனீங்க?" என்று கேட்டார். முந்தின நாள் சாயங்காலம் அவர் ஊர்க் கடையில் அரைத்து வாங்கியது என்றதும் முகமெல்லாம் சிரிப்பு.

அப்புறம் அதே தூளில் இரண்டாம் டிகாஷன். தாண்டிக்குடி ஏற்றத்தில் காட்டுக்குள் அடுப்புப் பற்றவைக்கக் கூடாது, பற்றவைக்கவும் மாட்டேன். அதனால் கருப்பட்டியைத் தட்டிப் போட்டு, பால் இல்லாமல் ஃபிளாஸ்க்கில் ஊற்றிக்கொண்டேன். கருப்பட்டி இருந்தால் இரண்டாம் டிகாஷனும் ருசிதான்.