கோபுரத்துக்குக் கேட்காத கேள்வி எங்கள் ரோட்டுக்கு மட்டும் ஏன்?

மாமா போன மாதம் குடும்பத்தோடு கொழும்புக்குப் போய்த் தாமரைக் கோபுரத்தில் ஏறி இறங்கிவிட்டு வந்தார். வந்த நாளிலிருந்து அதே பேச்சுத்தான். லிஃப்ட் என்ன வேகம், மேலே நின்றால் துறைமுகம் எப்படித் தெரிகிறது, காது எப்படி அடைத்துக்கொண்டது. தலவாக்கலையில் எங்கள் ஓட்டோ ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்து போனில் இருந்த படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிக் காட்டினார்.

"மருமகனே, நீ கொழும்புல அத்தனை வருசம் இருந்தியே, ஒரு நாளாவது ஏறிப் பாத்தியா?"

ஏறவில்லை. நான் புறக்கோட்டையில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை செய்தபோது அதைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். 2012இல் தொடங்கிய வேலை. காலையில் கடைக் கதவைத் தூக்கும்போதெல்லாம் கொஞ்சம் வளர்ந்திருப்பதுபோல் தெரியும். 2019 செப்டெம்பரில் திறப்புவிழா நடந்தது. ஆனால் சனங்களை உள்ளே விட்டது 2022 செப்டெம்பரில்தான். அதற்குள் கொரோனா வந்து, கடை மூடி, நான் ஊருக்குத் திரும்பி, லீசிங்கில் ஓட்டோ எடுத்து, பெற்றோல் வரிசையில் காய்ந்துகொண்டிருந்தேன். ஓட்டோவுக்கு வாரத்துக்கு 5 லீற்றர் என்று கியூ.ஆர். காட்டி வாங்கிய நாட்கள் அவை. நாடு கடன் கட்ட முடியாது என்று கையை விரித்ததும் அந்த வருசம் ஏப்ரலில்தான். கோபுரம் சனங்களுக்குத் திறந்ததும் அதே வருசம்.

350 மீற்றருக்கும் மேல் உயரம், பத்துக் கோடி டொலருக்கும் மேல் செலவு, அதில் பெரும்பங்கு சீன வங்கிக் கடன். தொலைக்காட்சி, வானொலி ஒலிபரப்புக்கென்று சொல்லித்தான் தொடங்கினார்கள். எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், வீட்டுக்கு வீடு கூரைத் தகரத்தில் டிஷ் அன்டெனா நிற்கிறது. எங்களுக்குப் படம் வானத்திலிருந்து வருகிறது, கோபுரத்திலிருந்து இல்லை.

இதைச் சொன்னதும் மாமாவுக்குக் கோபம். "எல்லாத்துக்கும் கணக்குப் பாப்பியா? அழகாத்தானே இருக்கு? மனுசனுக்குச் சந்தோசம் வேணாமா?"

வேண்டும்தான். அத்தையின் முகத்தை அந்தப் படங்களில் பார்த்தேன். வயசுக்காலம் முழுக்கக் கொழுந்துக் கூடை சுமந்தவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அதற்காக மாமாவோடு சண்டை பிடிக்க மாட்டேன். என் சண்டை வேறு.

தோட்டத்தில் எங்கள் பிரிவான டிவிசனுக்குப் போகும் ரோட்டைச் சொல்கிறேன். மெயின் ரோட்டிலிருந்து தேயிலைத் தொழிற்சாலை இருக்கும் ஸ்டோர் வரைக்கும் பரவாயில்லை, தேயிலை லொறி போகவேண்டுமே. ஸ்டோரைத் தாண்டினால் முதலாவது கியர்தான். வெள்ளைக்காரன் காலத்தில் பாவிய கல்லு முழுசாகப் பெயர்ந்து, மழைத் தண்ணீர் நடுவில் வாய்க்கால் வெட்டியிருக்கிறது. மேட்டு லயத்துக்கு ஏறும் வளைவில் ஆட்களை இறக்கிவிட்டு, வெறும் வண்டியை ஏற்றி, மேலே காத்திருந்து திரும்ப ஏற்றிக்கொள்வேன். காலில் வாதம் உள்ள பாட்டிகளை மட்டும் இறக்குவதில்லை, வருவது வரட்டும் என்று ஓரச் சக்கரத்தைத் தேயிலைப் பக்கம் ஏற்றிப் போவேன். சொக் அப்சோபர் போனால் அந்த வாரத்து உழைப்பு அதற்கே சரி. டவுனில் உள்ள மற்ற ஓட்டோக்காரர்கள் எங்கள் டிவிசன் பெயரைச் சொன்னாலே ஹயர் இல்லை என்பார்கள்.

இந்த ரோட்டில் கொங்கிறீட்டே போடவில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. போட்டிருக்கிறார்கள், துண்டு துண்டாக. கோயிலுக்கு முன்னால் ஒரு துண்டு, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் புள்ளக்காம்பராவுக்குப் பக்கத்தில் ஒரு துண்டு, பாதி மலையில் காரணமே தெரியாமல் ஒரு துண்டு. ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு தேர்தல். துண்டு தொடங்கும் இடத்தில் பெயர்ப்பலகை: இன்னாரின் நிதி ஒதுக்கீட்டில் இன்னாரின் வேண்டுகோளுக்கிணங்க. கோயில் பக்கத்துப் பலகைக்குச் சீமெந்துத் தூண், டைல்ஸ், மேலே சின்னக் கூரை கூட இருக்கிறது. அந்தக் கூரைக்குக் கீழே மழைக்கு ஒதுங்கலாம். கொங்கிறீட் வெடித்துக் கம்பி தெரிகிறது, பலகை மட்டும் புதுசு மாதிரியே நிற்கிறது.

முழு ரோட்டையும் ஒரே தடவையில் போடச் சொல்லிக் கேட்டோம். கடிதங்களை நான்தான் டைப் செய்தேன், கடையில் பில் அடித்த பழக்கம். பிரதேச சபைக்குப் போனால் அது தோட்டத்து ரோடு என்கிறார்கள். தோட்டத்து ஒபிசுக்குப் போனால், நிலம் அரசாங்கத்துடையது, நாங்கள் குத்தகைக்காரர், ரோடு போடுவது எங்கள் வேலையா என்கிறார்கள். அதுவும் உண்மைதான். 1992இல் தோட்டங்களைக் கம்பனிகளின் கையில் கொடுத்தபோது நிலத்தை விற்கவில்லை. அப்படியென்றால் நாங்கள் நடக்கும் ரோடு யாருடையது? 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டித்தான் இத்தனை காலமும் தோட்டத்துக்குள் சபைப் பணத்தைச் செலவழிக்க முடியாது என்று சொல்லி வந்தார்கள். சபைக்கு ஓட்டுப் போடலாம், உறுப்பினராகக் கூட வரலாம், சபை மட்டும் எங்கள் லயத்துக்கு வராது. 2018இல் அந்தப் பிரிவைத் திருத்தினார்கள். திருத்தியதை இன்னும் எங்கள் ரோட்டுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

போன இடமெல்லாம் கேள்விகள். எத்தனை குடும்பம்? எத்தனை வாக்காளர்? பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் எத்தனை? ஒரு நாளைக்கு எத்தனை வாகனம் போகும்? மாற்று வழி உண்டா? கிராம சேவகர் கடிதம், தோட்டத்து மனேஜர் துரையின் சம்மதக் கடிதம், படம். கேட்கட்டும், அதில் தப்பே இல்லை. பொதுப் பணம், நாலு கேள்வி கேட்டுத்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும்.

மத்தளையில் விமானநிலையம் கட்டும்போது இந்தக் கேள்விகளை யாராவது கேட்டார்களா? ஒரு நாளைக்கு எத்தனை விமானம் வரும், எத்தனை பேர் ஏறுவார்கள், மாற்று வழி உண்டா என்று? இருபது கோடி டொலருக்கு மேல் செலவழித்து 2013இல் திறந்தார்கள். விமானம் வரவில்லை. ஒரு கட்டத்தில் அங்கே சரக்குக் கட்டடத்தில் நெல் மூட்டை அடுக்கினார்கள். பக்கத்து அம்பாந்தோட்டைத் துறைமுகம் 2017இல் 99 வருசக் குத்தகைக்குப் போனது. இதையெல்லாம் எழுதிப் பழசாகிவிட்டது, விட்டுவிடுகிறேன்.

எங்கள் ஊருக்கு வருகிறேன், ஏனென்றால் இங்கேதான் கணக்கு சிக்கலாகிறது. தலவாக்கலை டவுனை ஒட்டியே மேல் கொத்மலை அணைக்கட்டு. ஜப்பான் கடன், 150 மெகாவாட், 2012இல் திறந்தது. இங்கே ஆற்றை மறித்து, மலைக்குள் ஏறத்தாழ 13 கிலோமீற்றர் சுரங்கத்தில் தண்ணீரைக் கொண்டுபோய், கீழே நியங்கந்தொரையில் மின்சாரம் எடுக்கிறார்கள். சென்கிளேயர் நீர்வீழ்ச்சி போய்விடும் என்று அந்தக் காலத்தில் எத்தனை எதிர்ப்பு. கடைசியில் பகலில் கொஞ்சம் தண்ணீர் விடுவதாக ஏற்பாடு செய்து கட்டினார்கள். நான் வெள்ளைக்காரர்களை ஏற்றிக்கொண்டு போய்க் காட்டும்போது, கூகுளில் பார்த்த படத்தையும் எதிரே உள்ளதையும் மாறி மாறிப் பார்ப்பார்கள். எனக்குத்தான் ஒரு மாதிரியாக இருக்கும்.

ஆனால் இதைத் தேவையில்லாத திட்டம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 2022 மார்ச் கடைசியில் நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்கள், எண்ணெய் வாங்க டொலர் இல்லாமல். ஆற்றுத் தண்ணீருக்கு டொலர் வேண்டாம். இன்னொன்றும் இருக்கிறது. அணைக்காக இடம்பெயர்க்கப்பட்ட லயத்துக் குடும்பங்களுக்குத் தனி வீடு கட்டிக் கொடுத்தார்கள். தலைமுறை தலைமுறையாகப் பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பராவில் கிடந்தவர்களுக்கு, வீடு தேவை என்று யாருக்கும் தோன்றவில்லை. அணைக்கு அந்த இடம் தேவைப்பட்டதும் வீடு வந்துவிட்டது. எங்கள் லயம் மேட்டில் இருந்தது, தப்பிவிட்டது. இதற்குச் சிரிப்பதா அழுவதா என்று இன்னமும் எனக்குத் தெரியவில்லை.

உமா ஓயா வேறு கதை. அந்த ஆற்றுத் தண்ணீரை மலைக்குள் சுரங்கம் வெட்டி மொனராகலை, அம்பாந்தோட்டைப் பக்கம் திருப்பி, வழியில் மின்சாரமும் எடுக்கிற திட்டம். சித்தி வீடு பண்டாரவளைப் பக்கம். ஈரான் கம்பனி அங்கே மலையைக் குடைந்தபோது, 2014 டிசம்பரில் சுரங்கத்துக்குள் தண்ணீர் பீறிட்டது. நிலத்துக்குள் இருந்த ஊற்றெல்லாம் அந்த வழியாக வடிந்தது. 2017இல் மறுபடியும். சித்தி வீட்டுக் கிணறு அவருடைய மாமனார் வெட்டியது, எந்தக் கோடையிலும் வற்றாத கிணறு. அதில் வாளியை இறக்கினால் சேற்றில் மோதும் சத்தம்தான் வந்தது. பிறகு பவுசர் வரும் நேரம் பார்த்து வீட்டு வேலை. சமையலறைச் சுவரில் விழுந்த வெடிப்பைச் சித்தப்பா ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் சீமெந்து பூசி வெள்ளையடிப்பார். மாசி முடிவதற்குள் அது திரும்ப வாயைத் திறக்கும். ஆயிரக்கணக்கில் சனம் ரோட்டில் இறங்கியது, சிங்களவர், தமிழர், முஸ்லிம் என்று பார்க்காமல். வேலை நிற்கவில்லை. 2024 ஏப்ரலில் ஈரான் ஜனாதிபதி வந்து திறந்து வைத்தார். 120 மெகாவாட், ஐம்பது கோடி டொலருக்கு மேல்.

மொனராகலை, அம்பாந்தோட்டை விவசாயிக்குத் தண்ணீர் தேவை என்பது பொய்யில்லை. காய்ந்த வயலைப் பார்த்தவன் அப்படிச் சொல்ல மாட்டான். ஆனால் அந்த மலைக்குள் என்ன இருக்கிறது என்று முன்கூட்டியே ஒழுங்காகப் பார்த்தார்களா, கிணறு வற்றினால் யார் பொறுப்பு என்று எழுதி வைத்தார்களா? எங்கள் ரோட்டுக்கு மாற்று வழி உண்டா என்று கேட்ட ஆட்கள் அங்கே எங்கே போனார்கள்? எனக்கு விளங்காதது இதுதான். பத்து இலட்சத்துக்கு ஆயிரம் கேள்வி, ஐம்பது கோடி டொலருக்கு ஒரு கையெழுத்து.

மாமா விடவில்லை. "பெருசா கட்டினாத்தான்டா நாடு முன்னேறும். வெள்ளைக்காரன் ரயில் போடலேன்னா நீ ஏது, நான் ஏது?"

"அவன் சும்மா போடல மாமா, கணக்குப் பாத்துத்தான் போட்டான்" என்றேன். கண்டிக்கு 1867, நானுஓயாவுக்கு 1885, பதுளைக்கு 1924. முதலில் கோப்பியை, அப்புறம் தேயிலையைத் துறைமுகத்துக்கு இறக்க. எதற்கு, யாருக்கு, எவ்வளவு மிஞ்சும் என்று அவனுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. அந்தக் கணக்கில் எங்கள் தாத்தாமார் கூலியாக மட்டும் வந்தார்கள் என்பது வேறு விசயம். நம்முடைய ஆட்கள் கட்டுவதில் யாருக்கு என்ன மிஞ்சுகிறது என்பது பலகையில் எழுதுவதில்லை.

2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோது அந்த ரயில் பாதையே இடத்துக்கிடம் அறுந்து தொங்கியது. நாடு முழுக்க அறுநூறுக்கு மேல் உயிர்கள், மலைநாட்டில் மண்சரிவில் போனவர்கள் எத்தனையோ பேர். 2014 ஒக்டோபரில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனபோதும், அந்த இடம் ஆபத்து என்று அதற்கு முன்னமே எச்சரித்திருந்தார்கள். எச்சரிக்கைக் கடிதம் கொடுப்பது சுலபம். போவதற்கு வேறு நிலம் கொடுக்க வேண்டுமே. எங்களுக்குக் கீழே உள்ள பணிய லயத்துக்குப் பின்னால் மண் திட்டு நிற்கிறது. மேலே விழும் தண்ணீரைச் சுற்றிக் கொண்டுபோக ஒரு வடிகால் கான், திட்டுக்கு ஒரு தடுப்புச் சுவர், அவ்வளவுதான் கேட்கிறோம். கானைத் திறந்து வைக்க எந்த மந்திரியும் வரமாட்டார், ரிப்பன் எங்கே கட்டுவது? புயல் இரவில் அந்த லயத்துச் சனம் முழுக்கக் கோயில் மண்டபத்தில் படுத்திருந்தது. வயசாளிகளை ஏற்ற வண்டியைக் கொண்டுபோகலாம் என்றால், ரோடு ரோடாக இல்லை. நடந்துதான் போய்த் தூக்கி வந்தோம்.

மாமாவிடம் இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "அதுக்கு இப்ப என்ன செய்யச் சொல்றே?" என்றார். சரியான கேள்வி.

பெரிய திட்டங்களை என் போன்ற ஓட்டோக்காரன் நிறுத்த முடியாது. எங்கள் ரோட்டுப் பலகைகளுக்குக் கணக்குக் கேட்க முடியும். 2016ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் சபையின் தகவல் அதிகாரிக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறேன், மாமாவும் கூட வந்தார். ஒவ்வொரு துண்டுக்கும் எவ்வளவு ஒதுக்கினார்கள், கொந்தராத்து யாருக்கு, எத்தனை மீற்றர் என்று எழுதியிருந்தது, எத்தனை மீற்றர் போட்டார்கள், பெயர்ப்பலகைக்குத் தனியாக எவ்வளவு. மீற்றரை நாங்களே டேப் பிடித்து அளந்து வைத்திருக்கிறோம். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது சட்டம்.

வருகிற பதிலை அப்படியே இங்கே போடுகிறேன். உங்கள் தோட்டத்திலும் இப்படிப் பலகை நின்றால் படம் எடுத்து அனுப்புங்கள். விண்ணப்பத்தின் மாதிரி தமிழில் டைப் செய்து வைத்திருக்கிறேன், கேட்டால் தருகிறேன். பெயரையும் முகவரியையும் மட்டும் மாற்றினால் போதும்.