ஸ்டார்ட் லைன் பிடிபடுகிறது

போன சீசனில் பாய்மரப் படகு ஓட்டக் கற்றுக்கொண்டேன். இந்த சீசனில் ரேஸ் ஓட்டக் கற்றுக்கொள்கிறேன். படகைக் கவிழாமல் நினைத்த இடத்துக்குக் கொண்டுபோவது ஒரு திறமை. சுற்றிலும் படகுகள் நெருக்க, கையில் கடிகாரம் ஓட, அதையே செய்வது வேறு திறமை. அதில் இப்போது எதுவரை வந்திருக்கிறேன் என்று எழுதி வைக்கிறேன். புதிதாக வர நினைப்பவர்களுக்கும் உதவும்.

நான் ஓட்டுவது இல்கா 6. பழைய ஆட்கள் இன்னும் லேசர் என்றுதான் சொல்வார்கள். 2019-இல் பெயர் மாறியது. ஒற்றை ஆள், ஒற்றைப் பாய், நீளம் 4.2 மீட்டர் சொச்சம். உடல் மாறாது, பாயையும் பாய்மரத்தின் கீழ்த்துண்டையும் மாற்றினால் இல்கா 4, 6, 7 என்று ஆகிவிடும். எல்லாருக்கும் ஒரே படகு என்பதால் போட்டி முழுக்க ஓட்டுகிறவர் கையில் இருக்கிறது. சென்னையின் நேத்ரா குமணன் டோக்கியோ, பாரிஸ் என்று இரண்டு ஒலிம்பிக்கில் ஓட்டியது இந்த 6-ஐத்தான். வேலூரில் பிறந்த விஷ்ணு சரவணன் 2023 ஹாங்சோ ஆசியப் போட்டியில் வெண்கலம் வாங்கியது 7-இல்.

ரேஸின் அமைப்பு எளிது. நடுவர் படகுக்கும் ஒரு மிதவைக்கும் இடையே கண்ணுக்குத் தெரியாத கோடு, அதுதான் ஸ்டார்ட் லைன். சுற்றி வர வேண்டிய மிதவைக்கு மார்க் என்று பெயர்; முதல் மார்க்கை நேர் எதிர்காற்றில் போட்டிருப்பார்கள். எதிர்காற்றில் நேராக எந்தப் பாய்மரப் படகும் போகாது. ஏறக்குறைய 45 டிகிரி சாய்வாக, இடமும் வலமும் டாக் அடித்து, அதாவது மூக்கைக் காற்றுக்குக் குறுக்கே மறுபக்கம் திருப்பி, ஏற வேண்டும். மேலே மார்க்கைச் சுற்றிக் காற்றோடு கீழே இறங்கி, திரும்ப ஏற்றம்.

இதில் நான் அதிக நேரம் செலவழித்தது ஸ்டார்ட்டுக்கு. ஐந்து நிமிடம் இருக்கும்போது நம் படகு வகைக்கான கொடி, அதாவது வகுப்புக் கொடி, ஏறும். நான்கு நிமிடம் இருக்கும்போது 'பி' கொடி, நீலத்தின் நடுவே வெள்ளைச் சதுரம். ஒரு நிமிடம் இருக்கும்போது அது இறங்கும். வகுப்புக் கொடி இறங்கினால் ரேஸ் ஆரம்பம். கூடவே ஹாரனும் அடிப்பார்கள், ஆனால் விதிப்படி கொடிதான் கணக்கு. அதனால் கைக்கடிகாரத்தைக் கொடி அசையும் நொடியில் அழுத்தப் பழகினேன். வகுப்புக் கொடி இறங்கும் நொடியில் படகின் மூக்கு கோட்டைத் தாண்டியிருந்தால் திரும்பி வந்து மறுபடி புறப்பட வேண்டும்.

கோடு எங்கே இருக்கிறது என்பதைத் தண்ணீரில் இருந்து கண்டுபிடிப்பதுதான் பெரிய சிக்கல். நடுவில் நிற்கும்போது எல்லாமே தூரமாகத் தெரியும், எல்லாரும் பயந்து பின்தங்குவார்கள். இதற்குக் கற்றுக்கொடுத்த வழி அருமையானது. முன்கூட்டியே கோட்டின் ஒரு முனைக்கு வெளியே போய், இரண்டு முனைகளையும் ஒரே நேராகப் பார்க்க வேண்டும். எதிர்முனைக்குப் பின்னால் கரையில் என்ன தெரிகிறது? எனக்கு அன்று ஒரு துறைமுகக் கிரேனின் இடது கால். அப்புறம் கூட்டத்துக்குள் நுழைந்த பிறகும், மிதவையும் அந்தக் காலும் சேர்ந்தால் நான் கோட்டில் இருக்கிறேன் என்று அர்த்தம். இரண்டும் சேரும்வரை இன்னும் இடம் இருக்கிறது, தைரியமாக முன்னே போகலாம்.

அடுத்தது, படகை நிறுத்தி வைப்பது. கடைசி நிமிடத்தில் பாயைத் தளர்த்திப் படபடக்க விட்டு, சுக்கானை லேசாக அசைத்து அதே இடத்தில் நிற்கிறேன். காற்று போய் இறங்கும் பக்கத்தில் ஒரு படகு அகலமாவது காலி இடம் காப்பாற்ற வேண்டும். சுமார் எட்டு விநாடி இருக்கும்போது மூக்கை அந்த இடத்துக்குள் கொஞ்சம் இறக்கி, கயிற்றை இழுத்து, உடம்பை வெளியே தள்ளினால் கொடி இறங்கும்போது படகு முழு வேகத்தில் இருக்கிறது. இந்த இடைவெளி இல்லாதவர்கள் பக்கத்துப் பாய் கலக்கிவிட்ட கெட்ட காற்றில் மாட்டிக்கொள்கிறார்கள்.

உடம்பை வெளியே தள்ளுவது நம் ஊருக்குப் புதிதல்ல. தொண்டிப் பக்கம் கடற்கரை ஊர்களில் திருவிழாவை ஒட்டி நடக்கும் பாய்மரப் படகுப் போட்டியில், குறுக்குப் பலகையில் ஆட்கள் ஏறிப் படகைச் சமன் செய்வார்கள். எங்களுக்குப் பலகை இல்லை. பாதத்தை ஒரு பட்டையில் கோத்துத் தொடையால் தாங்க வேண்டும். கரையில் தொடைக்குத் தனியாகப் பயிற்சி செய்ய ஆரம்பித்தபின் வித்தியாசம் நன்றாகத் தெரிகிறது.

விதிகளில் ஆரம்பத்துக்கு இரண்டு போதும். காற்று வலப்பக்கம் வாங்கும் படகுக்கு, இடப்பக்கம் வாங்கும் படகு வழிவிட வேண்டும். இரண்டும் ஒரே பக்கம் வாங்கினால், காற்று வரும் பக்கத்துப் படகு வழிவிட வேண்டும். மீறினால் பொதுவாக இரண்டு முழுச் சுற்று தண்டனை. நீங்கள் வலப்பக்கம் காற்று வாங்கும்போது யாராவது குறுக்கே வந்தால் "ஸ்டார்போர்ட்!" (வலப்பக்கம்) என்று உரக்கச் சொல்லக் கூச்சப்படாதீர்கள்.

காற்றைப் படிப்பதுதான் இந்த விளையாட்டின் உயிர் என்று இப்போது நம்புகிறேன். சென்னையில் கோடை மதியம் கடற்காற்று கிழக்கிலிருந்து ஏறினால், நேரம் போகப்போகப் பெரும்பாலும் தெற்கே சாயும். கிழக்கு நோக்கி ஏறும் நமக்கு அது வலப்பக்கம். அதனால் ஸ்டார்ட் எடுத்ததும் வலப்பக்கமே முதலில் போக முயல்கிறேன். காற்று திரும்பியதும் டாக் அடித்தால், மற்றவர்களைவிடக் குறைந்த தூரத்தில் மார்க் வருகிறது. போன வாரம் அது பலித்தபோது முதல் மார்க்கை முன்வரிசையில் சுற்றினேன். அத்தனை சந்தோஷம்.

பிறகு காற்றோடு இறங்கும்போது சிலர் தாண்டிப் போய்விட்டார்கள். அலையில் படகை வழுக்க விடும் வித்தை அவர்களிடம் இருக்கிறது. இந்த மாதம் முழுக்க அந்த இறக்கத்துக்குத்தான் ஒதுக்கியிருக்கிறேன்.