பனிக்காலத்தில் கல் மெருகேற்றுதல்

சுப்பீரியர் ஏரிக்கரையில் பொறுக்கிய அகேட் என்னும் வரியோடிய மணிக்கற்களை மெருகேற்ற அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்து நீண்ட குளிர்காலமே ஏற்ற பருவம். கரையைப் பனி மூடியபின் புதிய கல் தேடவும் வழியில்லை. ஆனால் இரைச்சலுக்கு அஞ்சி கற்களை உருளையில் இட்டுச் சுழற்றி மெருகேற்றும் ராக் டம்ளர் இயந்திரத்தை வெப்பமூட்டாத கராஜில் வைப்பவர்கள், உருளைக்குள் இருக்கும் தண்ணீரைப் பற்றி யோசிக்க வேண்டும்.

உருளை சுழலும்வரை, கற்களின் உராய்வில் எழும் சிறு வெப்பமும் இடையறாத அசைவும் உள்ளிருக்கும், நீரும் தூளும் கலந்த கூழ் உறைவதைத் தாமதப்படுத்தும். மின்சாரம் நின்றால் அந்தப் பாதுகாப்பும் போய்விடும். தண்ணீர் உறையும்போது கனஅளவில் ஏறத்தாழ 9 சதவீதம் விரிவதால், மூடி பிதுங்கித் திறந்துகொள்ளலாம். கல்லின் நுண்விரிசல்களில் புகுந்த நீர் அவற்றை மேலும் பிளந்து, பல வார உழைப்பை வீணாக்கலாம். கடுங்குளிரில் ரப்பர் பெல்ட் விறைத்து நழுவுவதும், எண்ணெய் தடித்து மோட்டாருக்குச் சுமை கூடுவதும் உண்டு.

உறைதடுப்புத் திரவம் ஊற்றும் யோசனை எனக்கு உடன்பாடில்லை. அதில் பெரும்பாலும் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் நஞ்சு, அது கழுவிக் கொட்டும் கூழோடு வெளியேறும். இயந்திரத்தைப் பெட்டியால் மூடினால் வெப்பம் தங்கும், ஆனால் காற்றுவழி விடாவிட்டால் மோட்டார் சூடேறிக் கருகும். நிலவறையின் ஒரு மூலைதான் நல்லது, இரைச்சலைச் சகித்துக்கொள்ளலாம். தேய்ந்த கல்லும் தேய்ப்புத் தூளான சிலிக்கன் கார்பைடும் கலந்த கூழை மட்டும் சமையலறைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். அது குழாய்க்குள் சிமெண்டுபோல் இறுகிவிடும். வாளியில் தெளியவிட்டு, அடியில் தங்கிய வண்டலைக் குப்பையில் சேர்க்கலாம்.