அவசரமே படாத டெட்ராய்ட்

டிராஃப்டில் (அணிகள் முறைவைத்து இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) முதல் சுற்றில் எடுத்த 18 வயதுப் பையனை அந்த வருஷமே வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கான என்ஹெச்எல்-இல் இறக்கச் சொல்லி ரசிகர்கள் குதிக்கும்போதெல்லாம் எனக்கு டெட்ராய்ட் ரெட் விங்ஸ் அணிதான் ஞாபகம் வரும்.

1998 டிராஃப்டில் பாவெல் டட்சுக்கை 171-வது ஆளாக எடுத்தார்கள். மறு வருஷம் ஹென்ரிக் ஸெட்டர்பெர்க், 210-வது. ஒருவர் ரஷ்யாவிலும் மற்றவர் ஸ்வீடனிலும் மேலும் மூன்று வருஷம் ஆடிவிட்டுத்தான் டெட்ராய்ட் வந்தார்கள். 2008 பிளேஆஃப்பின் (கோப்பைக்கான இறுதிக்கட்ட ஆட்டங்கள்) சிறந்த வீரர் ஸெட்டர்பெர்க். கோப்பையும் டெட்ராய்டுக்கே.

இன்னும் சுவாரஸ்யமானது குஸ்தாவ் நைக்விஸ்ட் கதை. 2008 டிராஃப்ட். மூன்று வருஷம் அமெரிக்கக் கல்லூரி ஹாக்கி, அப்புறம் கீழ்நிலை அணியான கிராண்ட் ராபிட்ஸ் கிரிஃபின்ஸ். 2013-இல் அங்கே அந்தக் கீழ்நிலை லீக்கின் கோப்பையான கால்டர் கப் ஜெயித்த பிறகும் அடுத்த சீசனை அங்கேயேதான் தொடங்கினார். பெரிய அணியின் சம்பள உச்சவரம்பில் இடமில்லை! கடைசியில் மேலே கூப்பிட்டார்கள்: 57 ஆட்டத்தில் 28 கோல்.

இன்னொரு என்ஹெச்எல் அணியான எட்மண்டன் வேறு மாதிரி. 2016-இல் 4-வதாக எடுத்த யெஸ்ஸே புல்யுயார்வியை 18 வயதிலேயே இறக்கினார்கள். முதல் வருஷமே பெரிய அணிக்கும் கீழ்நிலை அணிக்குமாக அலைந்தார். 2019-இல் பின்லாந்துக்கே திரும்பிப் போய் ஆடினார். பையனிடம் திறமை இல்லாமல் இல்லை.

எல்லாரையும் காக்க வைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கிராஸ்பி, மெக்டேவிட் மாதிரி 18 வயதிலேயே கலக்கிய ஆட்களை உட்கார வைத்தால் பைத்தியக்காரத்தனம். ஆனால் அப்படி எத்தனை பேர் வருகிறார்கள், சொல்லுங்கள்?